வாடைக்காற்றில் 14 சைக்கிள்: எந்தக் கடற்கரைச் சாலைக்குப் போவது?

தனுஷ்கோடியா, மாமல்லபுரமா, கோடியக்கரையா? எங்கள் திருச்சி சைக்கிள் குழுவில் ஒரு மாதமாக இதே பேச்சுதான். பொங்கல் முடிந்து வரும் வார இறுதியில் கடலோரமாக ஒரு நாள் ஓட்டுவது என்பது மட்டும் முடிவாகிவிட்டது. 14 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அதில் நான்கு பேர் 100 கி.மீ.யைக் காலை பத்து மணிக்குள் முடித்துவிட்டு வீட்டுக்குக் காய்கறி வாங்கிப் போகிறவர்கள். வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு சார், வயது 63. கியர் இல்லாத சாதா சைக்கிளில் வரும் கணவனும் மனைவியும். கல்லூரி முதலாண்டு படிக்கிற இரண்டு பையன்கள். மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை முக்கொம்பு வரை போய் வந்து பழகியவர்கள்.

கேட்டால் பாதிப் பேருக்கு மேல் தனுஷ்கோடி என்கிறார்கள். இரண்டு பக்கமும் கடல், நடுவே ஒரே கோடாகச் சாலை, ஆசை வராமல் இருக்குமா? நான் கோடியக்கரை என்கிறேன். என் காரணம் காற்று.

கடலோரச் சாலையில் மேடு பள்ளம் கிடையாது. அதனாலேயே புதிதாக ஓட்டுகிறவர்கள் அதைச் சுலபம் என்று நினைத்துவிடுகிறார்கள். ஏற்றத்தில் உச்சி என்று ஒன்று வரும், அப்புறம் இறக்கம் இருக்கும். எதிர்காற்றுக்கு உச்சி கிடையாது. கடைசிக் கிலோமீட்டர் வரை அது நெஞ்சில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். காற்றே இல்லாத நாளில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போகிறோம். முகத்தில் படும் காற்றின் வேகமும் அதே 20 தான். எதிரே 15 கி.மீ. வேகத்தில் காற்று வீசினால் முகத்தில் படுவது 35. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், அதே 20-இல் போக மூன்று மடங்கு தடையைத் தள்ள வேண்டும். முதுகுப் பக்கம் அதே காற்று இருந்தால் முகத்தில் படுவது வெறும் 5.

போகும்போது இழந்ததை வரும்போது காற்று திருப்பித் தந்துவிடும் என்று பலர் சொல்வார்கள். தராது. காற்றுக்குச் சாதகமாக 28-லும் எதிராக 14-லும் ஓட்டினால் சராசரி 21 வரும் என்று தோன்றும். எதிர்காற்றில் செலவாகும் நேரம் இரண்டு மடங்கு என்பதால், சராசரி 19-ஐக்கூடத் தொடாது. உடம்பு களைப்பது அந்த நீண்ட நேரத்தில்தான்.

ஆகவே எந்த இடம் என்று கேட்பதற்கு முன், அந்த மாதம் காற்று எங்கிருந்து வருகிறது, சாலை எந்தத் திசையில் போகிறது என்ற இரண்டையும் பார்க்க வேண்டும். கடலோர மக்கள் காற்றை எப்போதும் பெயர் சொல்லித்தான் பேசுவார்கள். வடக்கே இருந்து வந்தால் வாடை, கிழக்கே இருந்து வந்தால் கொண்டல், மேற்கே இருந்து வந்தால் கச்சான், தெற்கத்திக் காற்று சோழகம். ஊருக்கு ஊர் இதில் கொஞ்சம் மாறும். பொதுவாக ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கும் மேற்கும், நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்கும் வடக்கும். நாங்கள் போகப்போவது ஜனவரி. வாடையும் கொண்டலும் கலந்து, வடகிழக்கிலிருந்து வரும் காற்று.

இதை வைத்துத் தனுஷ்கோடியைப் பார்ப்போம். வரைபடத்தில் ராமேஸ்வரம் ஊரிலிருந்து, தனுஷ்கோடி சாலை முடியும் அரிச்சல்முனைக்கு ஒரு கோடு போட்டால், அது ஏறக்குறைய நேர் தென்கிழக்கில் போகும். தென்மேற்குக் காற்று அந்தக் கோட்டுக்குச் செங்குத்து. வடகிழக்குக் காற்றும் செங்குத்து. அதாவது ஆடியில் போனாலும் தையில் போனாலும் அந்தச் சாலையில் பக்கவாட்டுக் காற்றுதான். போகும்போது ஒரு பக்க விலாவில் அடிக்கும், திரும்பும்போது மறுபக்க விலாவில் அடிக்கும். இளைப்பாற ஒரு பாதி கிடைக்காது. தமிழ்நாட்டுக் கடற்கரைச் சாலைகளில் இவ்வளவு கச்சிதமாக இரண்டு பருவக்காற்றுக்கும் விலாவைக் காட்டி நிற்கும் சாலை வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பக்கவாட்டுக் காற்றில் என்ன பெரிய ஆபத்து என்று கேட்கலாம். போன ஜூலையில் நாங்கள் 11 பேர் அங்கே போனோம். முகுந்தராயர் சத்திரம் வரை சவுக்கும் வீடுகளும் ஓரளவு மறைத்தன. அதைத் தாண்டி முனை வரை இருக்கும் 9.5 கி.மீ. சாலை 2017-இல் திறக்கப்பட்டது. சாலை அருமையாக இருக்கிறது, ஆனால் நிழலுக்கு ஒரு மரம் இல்லை, காற்றைத் தடுக்க ஒரு சுவர் இல்லை. வலப்பக்கம் மன்னார் வளைகுடா, அங்கத்திய பேச்சில் ஆண் கடல். அதன் மேல் ஓடிவந்த காற்று மணலையும் அள்ளிக்கொண்டு வந்து கன்னத்தில் அடித்தது. நாங்கள் வழக்கம்போல ஒருவர் பின் ஒருவராக ஒரே வரிசையில் போனோம். எதிர்காற்றில் அது நல்ல வழி. முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போனால் கால்வாசி முதல் மூன்றில் ஒரு பங்கு வரை உழைப்பு மிச்சமாகும். பக்கவாட்டுக் காற்றில் அந்த மறைப்பு நேர் பின்னால் கிடைக்காது, காற்று போகும் பக்கமாகச் சாய்ந்து விழும். ஒவ்வொருவரும் தனித்தனியாகத்தான் காற்றை வாங்கிக்கொண்டிருந்தோம்.

அதற்கு வழி உண்டு. வாத்துக் கூட்டம் பறப்பதைப்போல, ஒருவருக்கு ஒருவர் அரை அடி ஒரு அடி பக்கமாக விலகிச் சாய்வாக வரிசை கட்ட வேண்டும். வலப்பக்கக் காற்று என்றால் முதல் ஆள் சாலை நடுவே போக, மற்றவர்கள் இடப்பக்கமாகச் சாய்ந்து போக வேண்டும். காலியான சாலையில் அழகாக இருக்கும். தனுஷ்கோடி சாலையில் வேனும் காரும் இரு பக்கமும் வந்துகொண்டே இருக்கும்போது நடுச்சாலையை யார் எடுத்துக்கொள்வது? அப்படியே எடுத்தாலும் அந்தச் சாய்வில் மூன்று பேருக்குத்தான் இடம் இருக்கும். நான்காவது ஆள் தார் விளிம்பில், மணலில்.

எங்கள் குழுவின் அக்கா ஒருவர் விழுந்தது அந்த விளிம்பில்தான். சுற்றுலா வேன் ஒன்று வலப்பக்கமாக முந்தியது. முந்தும் அந்த இரண்டு மூன்று விநாடிகள் வேனே சுவராக நின்று காற்றை மறைத்துவிட்டது. அதுவரை காற்றுப் பக்கமாகச் சாய்ந்தே ஓட்டிவந்தவர், காற்று நின்றதும் வலப்பக்கம் ஆடினார், நிமிர்ந்தார். வேன் கடந்த மறு விநாடி மொத்தக் காற்றும் ஒரே அடியாக வந்து அவரை மணல் கிடந்த ஓரத்துக்குத் தள்ளியது. மணிக்கட்டில் எலும்பு விரிசல், ஆறு வாரம் கட்டு. வேன் ஓட்டுநர் மேல் தப்பில்லை, போதிய இடம் விட்டுத்தான் போனார். வழியைத் தேர்ந்தெடுத்தவன் நான். அந்தப் பொறுப்பு என்னுடையது என்று இன்றும் நினைக்கிறேன். இந்தக் கட்டுரையை இவ்வளவு விரிவாக எழுதுவதற்கும் அதுவே காரணம்.

ஜனவரியில் அதே நிலைதான், பக்கம் மட்டும் மாறும். போகும்போது பாக் நீரிணைப் பக்கமிருந்து, இடது விலாவில் அடிக்கும். சாதாரண நாளில் குளம்போல் கிடப்பதால் பெண் கடல் என்று சொல்லும் அந்தப் பக்கம், வாடைக்காலத்தில் குளம்போல் இருக்காது. அந்தத் தீவின் காற்றுக்கு மதிப்புக் கொடுத்தே ஆக வேண்டும். பழைய பாம்பன் ரயில் பாலம் ஓட்டத்தில் இருந்தவரை, காற்று மணிக்கு 58 கி.மீ.யைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுவது வழக்கமாக இருந்தது. 1964 டிசம்பர் புயலில் அலை ஒரு ரயிலையும் ஒரு ஊரையும் கொண்டுபோனது அங்கேதான். அதற்காகத் தனுஷ்கோடிக்கே போகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. மூன்று நான்கு பேர், எல்லோரும் காற்றில் பழகியவர்கள், பருவம் மாறும் மார்ச்சிலோ அக்டோபர் தொடக்கத்திலோ, விடியும்போதே கிளம்பி வேன்கள் வரும் முன் திரும்பிவிடுவது என்றால் அதைப் போல ஒரு ஓட்டம் கிடையாது. போகவர 40 கி.மீ.க்குச் சற்று மேல், இரண்டரை மணி நேரம். 14 பேரோடு, அதுவும் முதல் முறையாகக் கடற்கரையைப் பார்க்கும் பையன்களோடு, ஜனவரியில் வேண்டாம்.

மாமல்லபுரத்துக்கு வருவோம். திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் 45 கி.மீ. அளவு. சாலை தெற்கே, கொஞ்சம் மேற்கு சாய்ந்து போகிறது. வடகிழக்குக் காற்று போகும்போது முதுகில், வரும்போது முகத்தில். இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். காலையில் மாமல்லபுரம் வரை பறந்துவந்து, இன்று நமக்கு நல்ல நாள் என்று நினைத்து, இட்லி வடை சாப்பிட்டுத் திரும்பினால் முட்டுக்காடு வருவதற்குள் கால் கெஞ்சும். வெயில் ஏற ஏறக் கடற்காற்றும் ஏறும். அதனால் திரும்பும் பாதி எப்போதும் கூடுதல் காற்றில் அமைந்துவிடுகிறது. மார்ச், ஏப்ரலில் கதை தலைகீழ். தெற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் காற்று வருவதால், விடியற்காலை இளங்காற்றில் கொஞ்சம் உழைத்துப் போய்விட்டுத் திரும்பும்போது தள்ளிவிட ஆள் கிடைக்கும். சென்னைக்காரர்கள் புதியவர்களை அழைத்துப் போக ஏற்ற காலம் அதுதான்.

அந்தச் சாலைக்கு ஒரு பெரிய பலம் உண்டு, அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. பஞ்சர் கடை, டீக்கடை, மருந்துக்கடை எல்லாம் எட்டும் தூரத்தில் இருக்கும். ஞாயிறு காலை சைக்கிள்காரர்கள் நிறைய வருவதால், நம் ட்யூப் தீர்ந்தால் யாராவது ஒன்று கொடுத்து உதவுவார்கள். தனியாக வரும் ஒருவருக்கு, முதல் 50 கி.மீ. ஓட்டும் ஒருவருக்கு, நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் வேகமாக ஓடும் கார்களும் பேருந்துகளும் நிறைந்த சாலையில் 14 பேரைக் கட்டிமேய்ப்பது வேறு வேலை. திருச்சியிலிருந்து சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு 330 கி.மீ. போவதும் சேர்ந்துகொள்ளும். அவ்வளவு தூரம் போய் நெரிசலில் ஓட்ட எங்களுக்கு மனமில்லை.

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகலாம் என்றும் ஒருவர் சொன்னார். 40 கி.மீ., தட்டையான சாலை, வழியெல்லாம் உப்பளம். லாரிகள் அதிகம், அதோடு தைப்பூசத்தை ஒட்டிப் பாதயாத்திரைக் கூட்டம் சாலையை நிறைத்திருக்கும். நடந்து போகிற பக்தர்களுக்கு நடுவே சைக்கிள் கூட்டத்தை விடுவது சரியில்லை என்று அதை அப்போதே விட்டுவிட்டோம்.

கோடியக்கரைக்கு நான் ஏன் இவ்வளவு வாதாடுகிறேன் என்றால், நாகப்பட்டினத்திலிருந்து வேதாரண்யம் வரை கடற்கரை ஏறக்குறைய நேர் தெற்காக இறங்குகிறது. சாலையும் அப்படியே. வடகிழக்குக் காற்று இடது தோளுக்குப் பின்னாலிருந்து வரும். விடியற்காலையில் தரையிலிருந்து வீசும் காற்று கலந்து, வடக்கேயிருந்தோ வடமேற்கேயிருந்தோ மெதுவாக வரும். எப்படி வந்தாலும் தெற்கே போகிறவருக்கு அது பின்பக்கம்தான். நாகையிலிருந்து வேளாங்கண்ணி 12 கி.மீ., வேதாரண்யம் ஏறக்குறைய 50, கோடியக்கரை 60. கோடியக்கரையில் நிலம் மூலை திரும்பி மேற்கே போகிறது, அங்கே நிறுத்திக்கொள்கிறோம். திரும்பி ஓட்டுவதில்லை. சைக்கிள்களை வண்டியில் ஏற்றிவிடுகிறோம்.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் குழுவில் சண்டை. "ஒரு பக்கம் மட்டும் ஓட்டிட்டு வண்டியில திரும்புறதெல்லாம் ஒரு ரைடா அண்ணே?" என்று பையன்களில் ஒருவன் கேட்டான். கேள்வியில் நியாயம் இருக்கிறது, அதனால் பதிலை யோசித்தே சொன்னேன். 60 கி.மீ. போய்விட்டு, காலை பதினொரு மணி வெயிலில், ஏறிவரும் காற்றை எதிர்த்து இன்னொரு 60. பலசாலிகள் நான்கு பேர் மாறி மாறி முன்னால் நின்று இழுத்தாலும் பின்னால் பத்துப் பேர். எதிர்காற்றில் ஒருவர் முன்சக்கரத்துக்கும் அடுத்தவர் பின்சக்கரத்துக்கும் நடுவே இரண்டு மீட்டர் இடைவெளி விழுந்துவிட்டால், விட்டவர் திரும்பச் சேரவே முடியாது. அவர் தனியாகக் காற்றை வாங்குவார், இன்னும் பின்தங்குவார். சாதா சைக்கிளில் நிமிர்ந்து உட்கார்ந்து வரும் அந்தத் தம்பதிக்கு உடம்பே பாய் விரித்த மாதிரி. அவர்கள் அன்றோடு கடற்கரை ஓட்டத்தை வெறுத்துவிடுவார்கள். குழுவாகப் போவது எல்லோரும் போய்ச் சேர்வதற்காக. ஓட்டியே தீர வேண்டும் என்கிற நான்கு பேர் அன்றிரவு வேதாரண்யத்தில் தங்கி, மறுநாள் காற்று தணிந்திருக்கும் ஐந்து மணிக்குக் கிளம்பி, பெரும்பகுதியை எட்டு மணிக்குள் முடித்துக்கொள்ளலாம். அதற்குப் பையனும் சம்மதித்தான். அவனே அந்த நான்கு பேரோடு ஐந்தாவதாகச் சேர்ந்துகொண்டதில் எனக்குச் சந்தோஷம்.

பின்காற்றிலும் பிரச்சினை உண்டு. முகத்தில் காற்றே படாதபோது அடுத்தவர் பின்னால் ஒளிய வேண்டிய தேவை போய்விடும். வேகக்காரர்கள் தங்களை அறியாமல் 35-இல் பறப்பார்கள், குழு நூல் அறுந்த மணிமாலைபோல் சிதறும். வியர்வையும் தெரியாது, தண்ணீர் குடிக்க மறந்துவிடுவார்கள். அதனால் வேளாங்கண்ணியில் டீக்கு, திருப்பூண்டியில், வேட்டைக்காரனிருப்பில், வேதாரண்யத்தில் என நான்கு இடங்களில் கடைசி ஆள் வரும் வரை எல்லோரும் நிற்பது என்று வைத்திருக்கிறோம். நின்ற இடத்தில் எல்லோரும் இரண்டு மிடறாவது தண்ணீர் குடித்தாக வேண்டும். 63 வயது சார்தான் கடைசி ஆள். அவரை முந்திப் போகாமல் அவரோடு வரப் பம்ப், இரண்டு ட்யூப், முதலுதவிப் பையோடு ஒருவர்.

வழியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2018 நவம்பரில் கஜா புயல் கரையேறிய மண் இது. தோப்புத் தோப்பாக மரம் சாய்ந்த ஊர்கள் வழியாகத்தான் போகப்போகிறோம், நட்டு வளர்த்தவற்றையும் பார்க்கலாம். வேதாரண்யம் தாண்டி அகத்தியம்பள்ளியில் உப்புச் சத்தியாகிரக நினைவுத் தூண் இருக்கிறது. 1930 ஏப்ரல் 13-ஆம் தேதி ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் கிளம்பியது எங்கள் திருச்சியிலிருந்துதான். 15 நாள் நடந்து வேதாரண்யம் வந்து, 30-ஆம் தேதி உப்பை அள்ளினார்கள். திருச்சிக்காரர்கள் சைக்கிளில் வந்து அந்தத் தூணருகே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும் என்பது என் பல வருஷத்து ஆசை.

அங்கிருந்து கோடியக்கரை வரையுள்ள கடைசிப் பகுதியில் மட்டும் கவனம் வேண்டும். உப்பளமும் சேற்று வெளியும் திறந்து கிடக்கும், காற்று முழு வீச்சில் வரும். சாலை வளையும் இடங்களில் பின்காற்று கொஞ்ச நேரம் பக்கக்காற்றாக மாறும். அங்கே மூன்று மூன்று பேராகப் பிரிந்து, இடையே நல்ல தூரம் விட்டு, கைப்பிடியின் கீழ்ப்பகுதியைத் தளர்வாகப் பிடித்து ஓட்டச் சொல்லியிருக்கிறேன். பக்கவாட்டில் உயரமான விளிம்பு உள்ள சக்கரம் வைத்திருப்பவர்கள் முன்சக்கரத்தையாவது சாதாரண சக்கரமாக மாற்றிக்கொண்டு வர வேண்டும், அந்த விளிம்பைக் காற்று பிடித்துத் திருப்பும். காடு வந்ததும் காற்று சட்டென்று அடங்கும். ஜனவரி என்பதால் பறவைகள் வந்து தங்கியிருக்கும், பூநாரையைப் பார்க்க வாய்ப்பு உண்டு. வெளிமான்கள் எப்போதும் அங்கேயே இருப்பவை. சத்தம் போடாமல் போனால் சாலையிலிருந்தே தெரியும்.

வண்டி விவரம்: 14 சைக்கிளும் ஒரு குட்டியானையில் ஏறாது, முன்சக்கரத்தைக் கழற்றி அடுக்கினாலும் கைப்பிடிகள் சிக்கிக்கொள்ளும். அதைவிட ஒரு அளவு பெரிய வண்டி பேசியிருக்கிறோம். ஆளுக்கு இரண்டு பழைய சாக்கு கொண்டுவர வேண்டும், ஒன்றோடொன்று உராயாமல் நடுவே வைக்க. வீட்டுக்குப் போனதும் நல்ல தண்ணீரில் சைக்கிளைக் கழுவிச் செயினுக்கு எண்ணெய் விடாவிட்டால் உப்புக்காற்று வேலையைக் காட்டிவிடும்.

முந்தின நாள் இந்திய வானிலை ஆய்வு மையம் நாகை மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்று எச்சரித்திருந்தால் நாங்களும் போவதில்லை, ஒரு வாரம் தள்ளிவைக்கிறோம். ஜனவரியிலும் சில சமயம் தாழ்வு நிலை உருவாகிக் காற்றின் திசையே மாறிவிடும். எச்சரிக்கை இல்லாவிட்டாலும் காலை ஐந்தரைக்கு நாகைத் துறைமுகப் பக்கம் படகுகளில் கட்டியிருக்கும் கொடியைப் பார்ப்போம். கொடி தெற்கே பறந்தால் கிளம்பலாம். வடக்கே பறந்தால் அதே வண்டியில் சைக்கிளோடு கோடியக்கரை போய், அங்கிருந்து நாகைக்கு ஓட்டி வருகிறோம். ஒரு பக்கம் மட்டும் ஓட்டுவதில் இந்த வசதியும் இருக்கிறது.

இதையெல்லாம் குழுவில் எழுதிப் போட்ட அன்று இரவு, மணிக்கட்டு உடைந்த அக்கா கூப்பிட்டார். ஜூலைக்குப் பிறகு அவர் கொள்ளிடக் கரையைத் தாண்டி ஓட்டவில்லை. காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்று மட்டும் கேட்டார். இடது தோளுக்குப் பின்னால் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "சரி தம்பி, சாக்கு எத்தனைன்னு சொன்னீங்க?" என்றார். இப்போது நாங்கள் 15 பேர்.